பறவை கூடும் இடம்: வரிப் பாஸும் அதன் இரையும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அக்டோபர் மாதம் தூண்டிலோடு கடலுக்குப் போகிறவர்கள் முதலில் பறவையைத்தான் தேடுவார்கள். ஆலாக்களும் கடற்காகங்களும் ஓரிடத்தில் கூடி, கத்திக்கொண்டு தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தால், அங்கே சிறு மீன் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிறு மீன் தண்ணீருக்கு மேலே துள்ளினால் கீழிருந்து ஏதோ துரத்துகிறது என்று அர்த்தம். அந்த "ஏதோ" பல நேரங்களில் ஸ்ட்ரைப்டு பாஸ், அதாவது வரிப் பாஸ். உடனே படகைத் திருப்புவார்கள். கூட்டத்துக்கு நடுவில் படகை விட்டால் மீன் கலைந்துவிடும் என்பதால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுத் தூண்டிலை வீசுவார்கள். பத்து நிமிடமோ அரை மணி நேரமோதான். அதற்குள் கூட்டம் நகர்ந்துவிடும், பறவைகளும் போய்விடும்.

பாஸ் என்ற பெயர் ஆங்கிலத்தில் ஒரு மீனுக்கு மட்டும் உரியதல்ல. நம்மூர்க் கொடுவாவைக்கூட ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. இங்கே சொல்லப்படுவது வெள்ளி உடம்பில் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் ஓடும் அட்லாண்டிக் மீன். வாழ்வது கடலில், முட்டையிடுவது ஆற்று நன்னீரில். செசபீக் விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள், டெலவேர் ஆறு, ஹட்சன் ஆறு ஆகியவைதான் முக்கியமான பிறப்பிடங்கள். இவற்றில் செசபீக்தான் பெரிய தாய்வீடு. வசந்தத்தில் ஆற்றில் முட்டையிட்டுவிட்டுப் பெரிய மீன்கள் வடக்கே மெய்ன் வரைக்கும் போகும். இலையுதிர் காலத்தில் திரும்பி வரும்போது வழியெல்லாம் தின்றுகொண்டே வரும். முப்பது வயது வரை வாழக்கூடிய மீன் இது.

தின்பதில் முக்கியமானது மென்ஹேடன். பங்கர் என்றும் போகி என்றும் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. நம் சாளை மீனுக்குத் தூரத்து உறவு. வாயைத் திறந்துகொண்டே ஆயிரக்கணக்கில் கூட்டமாக நீந்தி, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுளால் வடிகட்டித் தின்னும். எண்ணெய் நிறைந்த, முள் நிறைந்த மீன். கடைக்குப் போய் யாரும் அதைச் சமைக்க வாங்குவதில்லை. யாரும் தின்னாத இந்த மீனுக்காகத்தான் நூற்றைம்பது வருடமாகச் சண்டை நடக்கிறது!

கதை வெள்ளையர் குடியேற்றத்தோடு தொடங்குகிறது. 1608-ல் ஜான் ஸ்மித் செசபீக்கைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, மீன்கள் தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நெருக்கமாக நின்றனவாம். கையில் வலை இல்லை. வாணலியால் அள்ளப் பார்த்தார்கள், சரிப்படவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மீன் மென்ஹேடனாகத்தான் இருக்க வேண்டும் என்று பின்னால் வந்த சிலர் சொல்கிறார்கள். 1621-ல் பிளிமத் குடியேறிகளுக்கு டிஸ்குவாண்டம் என்ற பழங்குடி மனிதர் மக்காச்சோளக் குழியில் மீனைப் புதைத்து விதைக்கச் சொல்லிக் கொடுத்தார் என்பது அமெரிக்கப் பள்ளிக்கூடக் குழந்தைகள்வரை தெரிந்த கதை. மென்ஹேடன் என்ற பெயருக்கே அந்தப் பழங்குடி மொழியில் "மண்ணை வளப்படுத்துவது" என்றுதான் பொருள்.

குடியேறிகள் இதை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். எவ்வளவு நன்றாக என்றால், நல்ல பாஸ் மீனையும் காட் மீனையும்கூட வயலில் உரமாகக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1639-ல் மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் சபை அதைத் தடை செய்தது. பாஸையும் காடையும் உரமாகப் போடக்கூடாது. புதிய உலகத்தில் மீனைக் காப்பாற்ற ஆங்கிலேயர் போட்ட முதல் சட்டங்களில் இது ஒன்று. 1670-ல் பிளிமத் குடியேற்றம், கேப் காடில் பாஸ், கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் பிடிப்பதில் வரும் வரியை ஒரு இலவசப் பள்ளிக்கு ஒதுக்கியது. பள்ளிக்கூடம் நடத்தும் அளவுக்கு மீன் இருந்தது. ஆனால் 1639 சட்டம் காப்பாற்றியது மனிதன் தின்னும் மீனை மட்டும்தான். அந்த மீன் எதைத் தின்னும் என்ற கேள்வி அப்போது யாருக்கும் எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை, கடல் நிறைய மென்ஹேடன் இருந்ததே.

அடுத்த இருநூறு வருடத்தைத் தாண்டி வந்தால் பாஸ் பணக்காரர்களின் விளையாட்டாகியிருக்கிறது. 1864-ல் நியூயார்க் பணக்காரர்கள் சிலர் சேர்ந்து மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் இருக்கும் கட்டிஹங்க் என்ற சின்னத் தீவில் ஒரு தூண்டில் சங்கம் தொடங்கினார்கள். பாறைகளில் இரும்புக் கம்பி அடித்து, அதன்மேல் பலகை போட்டு, அலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மேடைகளைக் கட்டினார்கள். யாருக்கு எந்த மேடை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். கனவான் மேடையில் தூண்டிலோடு நிற்பார். பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரப் பையன் மென்ஹேடனையும் சிங்கி இறாலையும் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் வீசிக்கொண்டிருப்பான். எண்ணெய் பரவும், வாசனைக்குப் பாஸ் வரும். அதாவது இரை மீன் கூட்டம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போகாமல், அந்தக் கூட்டத்தையே வெட்டிக் கொட்டி மீனை வரவழைப்பது. பெயர் என்னவோ கனவானுடையது, வேலையெல்லாம் அந்தப் பையனுடையது. (சிங்கி இறாலின் இன்றைய விலையில் இதை யாராவது செய்தால் வீட்டில் சோறு கிடைக்காது.) தீவின் பெயர் நாடெங்கும் பரவியது. 1913-ல் அந்தத் தீவுப் பக்கம் சார்லஸ் சர்ச் என்பவர் பிடித்த 73 பவுண்டு பாஸ், கிட்டத்தட்ட 33 கிலோ, பல பத்தாண்டுகள் தூண்டில் சாதனையாக நின்றது. வேடிக்கை என்னவென்றால் அந்த நேரத்தில் அங்கே பாஸ் அரிதாகிவிட்டிருந்தது. பழைய சங்கங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன.

அதே காலத்தில் மென்ஹேடன் பக்கம் வேறொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. மீனை வேக வைத்துப் பிழிந்தால் எண்ணெய் வரும், சக்கை உரமாகும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே தெரிந்துவிட்டது. திமிங்கில எண்ணெய் குறையக் குறைய மென்ஹேடன் எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. 1860களில் மெய்ன் கரையில் ஆலைகள் வரிசையாக எழுந்தன. பிடிக்கச் சுருக்குவலை. நம்மூரில் சுருக்குமடி என்று சொல்லி, அதற்கு நாமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோமே, அதேதான். கூட்டத்தைச் சுற்றி வலையை வளைத்து, அடியைச் சுருக்கிக் கட்டிவிட்டால் மொத்தக் கூட்டமும் பைக்குள்.

1879-ல் மெய்ன் கரைக்கு மென்ஹேடன் வரவில்லை. ஆலைகள் மூடின. பிடித்துத் தீர்த்ததாலா, தண்ணீரின் குளிர் மாறியதாலா என்று அப்போதே வாதம். மெய்னைச் சேர்ந்த எலைஜா ரீட் என்ற கப்பல் தலைவர் அதற்கு முன்பே தெற்கே போய்விட்டிருந்தார். வர்ஜீனியாவில், செசபீக் கரையருகே அவர் 1874-ல் நிலம் வாங்கிய இடம்தான் இன்று ரீட்வில். பாஸின் தாய்வீட்டு வாசலிலேயே ஆலை வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தக் கதையில் பின்னால் நடப்பதெல்லாம் இந்த ஒரு நிலப் பதிவில் இருந்து கிளம்புவதுதான்.

தூண்டில்காரர்களும் சிறு மீனவர்களும் அப்போதே கூச்சல் போட்டார்கள். எங்கள் மீனின் சாப்பாட்டை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்றார்கள். 1880களில் அமெரிக்க செனட் வரை விசாரணை போனது. கடலில் மற்ற மீன்களும் பறவைகளும் திமிங்கிலங்களும் தின்பதோடு ஒப்பிட்டால் மனிதன் எடுப்பது தூசு என்பது ஆலைத் தரப்பு வாதம். அறிவியலாளர்களிலும் பலர் அப்படித்தான் நம்பினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் தின்றது போக மிச்சம் இருப்பதைத்தான் மனிதன் எடுக்கிறான் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டது. அவன் எடுத்த பிறகு மற்றவற்றுக்கு என்ன மிஞ்சும் என்று அது பார்க்கவே இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தொழில் உச்சத்துக்குப் போனது. வலையை இழுத்தவர்கள் பெரும்பாலும் வர்ஜீனியா, வட கரோலினாக் கறுப்பினத் தொழிலாளர்கள். நாற்பது பேர் வரை ஒரே தாளத்தில் இழுக்க வேண்டும் என்பதால் பாடிக்கொண்டே இழுப்பார்கள். நம் கடற்கரை அம்பாப் பாட்டு மாதிரியே ஒருவர் தொடங்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டு. 1950களில் இயந்திரக் கப்பி வந்ததும் ஆளும் குறைந்தார்கள், பாட்டும் நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூட்டத்தைக் கண்டுபிடிக்கச் சிறு விமானங்கள் வந்துவிட்டன. பறவையை நம்பியிருந்த காலம் போய், பறவைக்கும் மேலே பறந்து பார்க்கும் காலம். 1956-ல் மட்டும் 7 லட்சம் டன்னுக்கு மேல் மென்ஹேடன் ஆலைக்குப் போனது. அதுதான் உச்சம். 1969-ல் அது சுமார் 1,60,000 டன். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, 2005-க்குப் பிறகு அட்லாண்டிக் கரையில் மீன் மாவு, மீன் எண்ணெய் எடுக்கும் ஆலை என்று மிஞ்சியது ரீட்வில் ஒன்றுதான்.

இதற்கிடையில் தூண்டில் சாதாரண மக்கள் கைக்கு வந்துவிட்டது. நைலான் நரம்பு, கண்ணாடி இழைக் கோல், வெளியே மாட்டும் எஞ்சின் வைத்த சின்னப் படகு எல்லாம் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்தன. மென்ஹேடன் கூட்டத்தில் பாஸ் பிடிக்க ஒரு முறை வழக்கத்துக்கு வந்தது. ஈயம் கட்டிய மூன்று முள் தூண்டிலைக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் எறிந்து, வெடுக்கென்று இழுத்தால் ஒரு மென்ஹேடன் உடம்பிலேயே மாட்டிக்கொள்ளும். அதை மேலே எடுப்பதில்லை. அப்படியே தளர விட்டுவிடுவார்கள். காயம்பட்ட மீன் கூட்டத்தை விட்டுப் பிரிந்து கீழே போகும். அங்கே பெரிய பாஸ் காத்திருக்கும். மேலே ஓடித் திரிந்து கடித்துக் கிழிப்பது பெரும்பாலும் புளூஃபிஷ் என்ற வேறு மீன், சோம்பேறிப் பெரிய பாஸ் அதற்கும் கீழே நின்று உதிர்வதைப் பொறுக்கித் தின்னும் என்பது தூண்டில்காரர்களின் பாடம். பறவையைப் பார்த்து வருபவனுக்குச் சின்ன மீன், பறவைக்குக் கீழே இன்னும் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று யோசிப்பவனுக்குப் பெரிய மீன்.

1970களில் பாஸ் சரிந்தது. வணிகப் பிடிப்பு 1973-ல் ஏறத்தாழ 1.5 கோடி பவுண்டு, பத்தே வருடத்தில் 35 லட்சம் பவுண்டு. மேரிலாந்து மாநிலம் 1954-லிருந்து ஒவ்வொரு கோடையிலும் விரிகுடாவில் கரைவலை இழுத்து அந்த வருடக் குஞ்சுகளை எண்ணி வருகிறது. 1970-ல் நல்ல விளைச்சல். அதற்குப் பிறகு வருடா வருடம் குஞ்சு குறைவு. அளவுக்கு மீறிப் பிடித்தது ஒரு காரணம். ஆற்று நீர் கெட்டது, அமில மழை என்றெல்லாமும் சொன்னார்கள். ரோட் ஐலண்ட் செனட்டர் ஜான் சாஃபி 1979-ல் அவசர ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வைத்தார்.

இந்தச் சரிவின் நடுவில்தான், 1982 செப்டம்பரில், நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு புயல் இரவு அலைதடுப்புக் கற்சுவரில் நின்றுகொண்டு ஆல்பர்ட் மெக்ரெனால்ட்ஸ் 78 பவுண்டு 8 அவுன்ஸ் பாஸைப் பிடித்தார். உலக சாதனை! மீனே இல்லை என்று அழுதுகொண்டிருந்த காலத்தில் இதுவரை இல்லாத பெரிய மீன். இதில் முரண் எதுவும் இல்லை. நல்ல காலத்தில் பிறந்த கிழட்டு மீன்கள் மட்டும் மிஞ்சியிருந்தன, அவற்றுக்குப் பின்னால் இளசுகள் வரவில்லை. ஊரில் தாத்தா பாட்டி மட்டும் இருந்து பள்ளிக்கூடம் காலியாக இருப்பது போல. (2011-ல் கனெக்டிகட் பக்கம் கிரெக் மையர்சன் பிடித்த 81.88 பவுண்டு மீன் அந்தச் சாதனையை முறியடித்தது.)

1984-ல் காங்கிரஸ் அட்லாண்டிக் வரிப் பாஸ் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாநிலங்களின் கூட்டு ஆணையம் போடும் விதியை எந்த மாநிலம் மதிக்கவில்லையோ அங்கே பாஸ் பிடிப்பதையே மத்திய அரசு நிறுத்தலாம். பல்லுள்ள சட்டம். 1985 தொடக்கத்தில் மேரிலாந்து, தன் மாநில மீனான பாஸைப் பிடிப்பதை முழுவதுமாகத் தடை செய்தது. தூண்டிலுக்கும் தடை, வலைக்கும் தடை. அதையே நம்பிப் பிழைத்த விரிகுடா மீனவர்களுக்கு இது என்ன அடி என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து வருடம். 1989-ல் குஞ்சுக் கணக்கு எகிறியது, 1990-ல் கொஞ்சமாகத் திறந்தார்கள், 1995-ல் பாஸ் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். உலக மீன்வள வரலாற்றில் இவ்வளவு சுத்தமான வெற்றி குறைவு.

ஆனால் இரண்டே வருடத்தில், 1997 வாக்கில், செசபீக்கில் பிடிபட்ட பாஸ்கள் மெலிந்திருந்தன. உடம்பில் புண். மைக்கோபாக்டீரியா என்ற கிருமி. மீன்களைக் காப்பாற்றியாயிற்று, அவை தின்ன என்ன இருக்கிறது என்று அப்போதுதான் பலரும் கேட்டார்கள். பசிதான் நோயை அழைத்து வந்தது என்றது ஒரு தரப்பு. கோடைச் சூடும் அடிநீரில் ஆக்சிஜன் குறைவதும்தான் என்றது இன்னொரு தரப்பு. இன்றுவரை முழுத் தீர்ப்பு இல்லை. ஆனால் கேள்வி போகவில்லை.

மேரிலாந்து சுருக்குவலையை நெடுநாளாகவே அனுமதிப்பதில்லை. அதே விரிகுடாவின் வர்ஜீனியாப் பக்கம் அனுமதி உண்டு, ஆலையும் அங்கேதான். மீனுக்கு மாநில எல்லை தெரியுமா என்ன? 2006-ல் முதல் முறையாக விரிகுடாவுக்குள் ஆலை எடுக்கும் மென்ஹேடனுக்கு உச்ச வரம்பு வந்தது: வருடத்துக்கு 1,09,020 டன். 2013-ல் கரை முழுவதற்கும் மொத்த வரம்பு வந்தது. 2017-ல் விரிகுடா வரம்பை 51,000 டன்னாகக் குறைத்தார்கள். 2019-ல் அந்த வரம்பு மீறப்பட்டது. அது அறிவியல் கணக்கில் வந்த எண் இல்லை, மீன் கூட்டம் அந்த வருடம் விரிகுடாவுக்குள் இருந்தது என்றது ஆலைத் தரப்பு. வேலைவாய்ப்பு என்று சொல்ல ஒரு சிறு ஊரில் வேறு அதிகம் இல்லை என்பதும் உண்மைதான். அந்த டிசம்பரில் மத்திய வணிகத் துறை, வர்ஜீனியா விதியை மீறியதாக முடிவு சொன்னது.

2020 ஆகஸ்டில் ஆணையம் மென்ஹேடனுக்குப் புதிய கணக்கை ஏற்றுக்கொண்டது. இதுவரை மென்ஹேடன் தன் இனத்தைக் காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று மட்டும் பார்த்தார்கள். இனி அதைத் தின்னும் மீன்களுக்கு, முக்கியமாக வரிப் பாஸுக்கு, எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரம்பு. 1639-ல் பாஸைக் காப்பாற்றியவர்கள் அதன் சாப்பாட்டையும் சேர்த்து எண்ண 381 வருடம் ஆகியிருக்கிறது.

இதோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். நியூயார்க் துறைமுக வாசலில் இப்போது திமிங்கிலங்கள் மென்ஹேடன் கூட்டத்தை வாயைப் பிளந்து விழுங்குவதை உயரமான கட்டிடங்களின் பின்னணியில் படம் எடுக்கிறார்கள். வடக்குக் கரையில் இரை நிறைய இருக்கிறது. பாஸ்தான் குறைகிறது. 2019-ல் பாஸ் மீண்டும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட நிலையில் இருப்பதாக அறிவித்தார்கள். இந்த முறை ஆலையைக் கைகாட்டி மட்டும் தப்பிக்க முடியவில்லை. இறக்கும் பாஸில் பெரும்பங்கு தூண்டில்காரர்கள் கணக்கில் வருகிறது. பிடித்துவிட்டுத் திரும்ப விடுவதால் பாவம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். விட்ட மீனில் 100-க்கு 9 செத்துப்போகிறது என்று ஆணையம் கணக்கிடுகிறது. கோடிக்கணக்கில் பிடித்து விடும்போது அந்த 9 சதவீதம், 2017 கணக்குப்படி, மொத்தச் சாவில் ஏறத்தாழ பாதி!

அதனால் 2020-ல் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 35 அங்குலத்தை எட்டாமலும் இருக்கும் மீன் ஒன்றை மட்டும்தான் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரிய தாய் மீனைத் திரும்ப விட வேண்டும். 2021-லிருந்து இரை குத்திப் பிடிப்பவர்கள் வட்டமாக வளைந்த முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும். அது தொண்டைக்குள் போகாமல் வாய் ஓரத்தில் மாட்டும். மென்ஹேடனைக் கொக்கியால் இழுத்து அப்படியே தளர விடும் பழைய முறைக்கு இதனால் முடிவு. இழுத்த மீனை மேலே எடுத்து, வட்ட முள்ளில் குத்தி மறுபடி இறக்க வேண்டும். 2022-ல் 2015-ல் பிறந்த நல்ல தலைமுறை அந்த அளவுக்கு வளர்ந்து வந்ததும் பிடிப்பு முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ இரட்டிப்பானது. 2023-ல் அவசர அவசரமாக மேல் அளவை 31 அங்குலமாகக் குறைத்தார்கள். 2015 தலைமுறையைக் காப்பாற்றத்தான். ஏனென்றால் அதற்குப் பின்னால் வருவது மிகக் குறைவு.

அந்தக் குறைவு எப்படித் தெரியும் என்றால், 1954-ல் ஆரம்பித்த அதே கரைவலையால்தான். இன்றும் ஒவ்வொரு கோடையிலும் மேரிலாந்து ஆட்கள் 22 இடங்களில், மூன்று சுற்று, 100 அடி வலையை இடுப்பளவு தண்ணீரில் இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, விரல் நீளப் பாஸ் குஞ்சுகளை எண்ணி மறுபடி தண்ணீரில் விடுகிறார்கள். நீண்டகாலச் சராசரி ஓர் இழுப்புக்கு 11 குஞ்சு. 2019 முதல் 2024 வரை ஆறு வருடமும் அதில் பாதிகூட வரவில்லை. சூடான குளிர்காலமும் வறண்ட வசந்தமும் காரணம் என்கிறார்கள். குளிரும் நல்ல மழையும் இருந்தால்தான் குஞ்சுக்கு வேண்டிய நுண்ணுயிர் சரியான நேரத்தில் ஆற்றில் பெருகும். 2023-ல் வலையில் வந்தது, ஓர் இழுப்புக்குச் சராசரியாக, 1 குஞ்சு.